மூன்று நிமிட ஆட்டமும் முப்பது நிமிட மேசையும்

இணையத்தில் மூன்று நிமிடச் சதுரங்கம் ஆடுகிறவர்களில் பலர் ஆண்டு முழுவதும் ஆடியும் ரேட்டிங்கில் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்கள். ஆடிய ஆட்டத்தை மறுபடி எடுத்துப் பார்க்காததுதான் காரணம் என்பது என் துணிபு. வேக ஆட்டத்தில் யோசிக்க நேரம் கிடையாது. கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதைத்தான் ஆடும். அந்தப் பழக்கத்தை ஏற்றும் வேலை ஆட்டத்துக்கு வெளியே, மேசையில், நிதானமாக நடக்க வேண்டும். 24 ஆட்டங்கள் ஆடி, அவற்றைப் பிரித்துப் பார்த்து, கண்ட பழுதுக்கேற்ற பயிற்சி செய்து, அடுத்த 24 ஆட்டங்களுக்குப் போவது ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு மூன்று வாரம் பிடிக்கும். நான் செய்கிற வரிசையிலேயே அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சாமான்கள். மவுஸ் இணைத்த கணினி ஒன்று. கைப்பேசி வேண்டாம், விரல் தவறிக் காய் பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால் அது ஆட்டப் பிழையா, விரல் பிழையா என்று பிறகு பிரிக்க முடியாது. கோடு போட்ட நோட்டு, பென்சில், தபால் அட்டை அளவில் வெட்டிய கெட்டித்தாள் ஐம்பது, சமையலறை டைமர், நிஜச் சதுரங்கப் பலகை ஒன்று. ஆடும் தளமாக நான் வைத்திருப்பது லீசெஸ். பிரெஞ்சு நிரலாளர் திபோ டூப்ளெஸ்ஸி 2010-இல் தொடங்கியது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, ஆடி முடித்த ஆட்டத்தை ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினைக் கொண்டு ஆராயும் வசதியும் அங்கேயே கிடைக்கிறது.

அடுத்தது நேரக் கட்டுப்பாடு. ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிற்க வேண்டும். ஒரு நாள் ஒரு நிமிடம், மறுநாள் பத்து நிமிடம் என்று மாற்றினால் அளவுகோலே மாறிப்போகும். நான் எடுப்பது 3+2: ஆளுக்கு மூன்று நிமிடம், நகர்த்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு வினாடி கூடும். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஆடப்படுவதும் இதுவே. இப்படி வினாடி கூட்டித் தரும் கடிகாரத்துக்கு பாபி ஃபிஷர் 1989-இல் காப்புரிமை பெற்றார். 1992-இல் ஸ்பாஸ்கியுடன் ஆடிய மறுபோட்டியில் அதைப் பயன்படுத்தினார். லீசெஸ் ஓர் ஆட்டத்தை 40 நகர்த்தலாகக் கணக்கிட்டு வகை பிரிக்கிறது. அந்தக் கணக்கில் 180 வினாடியோடு 80 சேர்ந்து ஆளுக்கு 260 வினாடி. ஒரு நகர்த்தலுக்கு ஆறரை வினாடி. இந்த ஆறரை என்ற எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். பின்னால் கடிகாரத்தைப் படிக்கும்போது அதுதான் அளவு.

கூடுதல் வினாடி இல்லாத 3+0 ஆட்டத்தைப் பயிற்சிக்கு நான் எடுப்பதில்லை. அதில் ஜெயித்த நிலையும் கொடி விழுந்து தோற்கும். இறுதி ஆட்டம் எப்படி ஆடினோம் என்பதற்குத் தடயமே மிஞ்சாது.

முதல் நான்கு நாள் ஆடுவதற்கு. நாளைக்கு ஆறு ஆட்டம். இருவரும் முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டால் 40 நகர்த்தல் ஆட்டம் 8 நிமிடம் 40 வினாடி ஓடும். ஆறுக்கு 52 நிமிடம். ஆக, ஒரு மணி நேரம் ஒதுக்கினால் குறிப்பு எழுதவும் இடம் இருக்கும். ரேட்டிங்கை மறைக்கும் ஜென் முறையை முதலிலேயே போட்டுவிடுகிறேன். எதிராளியின் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதோ அலட்சியப்படுத்துவதோ இருக்காது. தொடர்ந்து இரண்டு தோற்றால் பத்து நிமிடம் எழுந்து நடக்க வேண்டும். தோற்ற ரேட்டிங்கை உடனே மீட்கப் போகும் மூன்றாவது ஆட்டத்தில் வரும் பிழைகள் கோபத்தின் பிழைகள். அவை தொகுப்பில் கலந்தால் கணக்கு கெடும்.

ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும், அடுத்ததை அழுத்துவதற்கு முன், ஒரு வரி எழுதுகிறேன். வரிசை எண், நிறம், தொடக்கம், முடிவு, கடிகாரத்தில் மிஞ்சியது, மனதில் பட்ட காரணம். என் நோட்டிலிருந்து ஒரு வரி: “7. கருப்பு. இத்தாலியன். தோல்வி. 0:19. ராஜா நடுவில் மாட்டிக்கொண்டது.” அவ்வளவுதான், ஒரு நிமிட வேலை. நேருக்கு நேர் ஆடுகிற இடத்தில் இந்த வரி தேவைப்படாது. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக வேக ஆட்டம் ஆடித் தேறிய சென்னை தால் சதுரங்கக் கழகம் போன்ற இடத்தில், தோற்றவனுக்கு எதிரிலேயே ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான். எங்கே விட்டோம் என்று கேட்டால் காயை வைத்தே காட்டிவிடுவான். இணையத்தில் எதிராளி மறைந்துவிடுகிறார். அவர் இடத்தை இந்த ஒரு வரி ஓரளவு நிரப்புகிறது.

ஆடிய மறுநாள் காலையில் மறுபார்வை. எஞ்சினை இன்னும் திறக்கக் கூடாது. தோற்றவை, சமன் ஆனவை, ஜெயித்தும் நடுவில் தோற்கும் நிலைக்குப் போனவை ஆகியவற்றை மட்டும் எடுக்கிறேன். 24-இல் பதின்மூன்று, பதினான்கு தேறும். ஒவ்வொன்றுக்கும் டைமரில் எட்டு நிமிடம். நிஜப் பலகையில் காய்களை வைத்து முதலிலிருந்து ஆடிக்கொண்டே மூன்று இடங்களைப் பென்சிலால் குறிக்கிறேன்: எனக்குத் தெரிந்த தொடக்கம் எந்த நகர்த்தலோடு முடிந்தது, ஆட்டம் எங்கே கைமாறியது, அங்கே வேறு என்ன ஆடியிருக்கலாம். மூன்றாவதற்கு விடை தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றை எழுதியே ஆக வேண்டும். தவறாக இருக்கலாம், வெற்றிடமாக இருக்கக் கூடாது. எழுதிய விடைதான் எஞ்சினின் விடையோடு உரசிப் பார்க்கக் கிடைக்கும் கல்.

ஏழாம் ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். வெள்ளை இ4, கருப்பு இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4, குதிரை எஃப்6. நான்காவதாக வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்ந்து, எஃப்7-இல் நிற்கும் சிப்பாயைக் குறிவைக்கிறது. நான் டி5 என்று சிப்பாயைத் தள்ளி பிஷப்பின் வழியை அடைத்தேன். வெள்ளை அதை வெட்டியது. ஐந்தாவதாக எஃப்6 குதிரையால் டி5-இல் திருப்பி வெட்டினேன். வெள்ளைக் குதிரை எஃப்7-இல் தன்னைப் பலி கொடுத்தது. ராஜா அதை வெட்டியது. ராணி எஃப்3-க்கு வந்து செக் வைத்தது. டி5 குதிரையைக் காக்க ராஜா இ6-க்கு ஏறியாக வேண்டும். எட்டாவதாக வெள்ளையின் இன்னொரு குதிரை சி3-க்கு வந்து, டி5-இன் மேல் மூன்றாவது காயாக அழுத்தியது. பலகையின் நடுவில் ராஜா, அதன் முன்னே பிணைக்கப்பட்ட குதிரை. அதற்கு மேல் நான் தாக்குப்பிடிக்கவில்லை. காலை மறுபார்வையில் பென்சில் குறி எட்டாவது நகர்த்தலில் விழுந்தது: “குதிரையை இ7-க்கு இழுத்தது தவறு, பி4-க்குப் போயிருக்க வேண்டும்.”

இப்போது எஞ்சின். லீசெஸ் பக்கத்தில் கணினி ஆய்வைக் கேட்டால் சற்று நேரத்தில் ஆட்டம் முழுவதற்கும் வரைபடம் வந்துவிடும். பிழைகள் மூன்று தரமாகக் குறிக்கப்பட்டிருக்கும். இந்தக் குறியீட்டில் ஒரு நல்ல வேலைப்பாடு உண்டு. எத்தனை சிப்பாய் மதிப்பு இழந்தோம் என்று மட்டும் பார்க்காமல், ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு சரிந்தது என்று பார்க்கிறது. ஒன்பது சிப்பாய் மேலே இருந்து ஆறுக்கு இறங்கினால் பெரும்பிழை என்று சொல்லாது, ஏனெனில் ஆறும் வெற்றிதான். சமநிலையிலிருந்து மூன்று கீழே போனால் சொல்லும். பிறகு, தவறுகளிலிருந்து கற்கும் பொத்தானை அழுத்துகிறேன். அது ஒவ்வொரு பிழைக்கும் முந்தைய நிலையை நிறுத்தி, விடையை மறைத்து, சரியான நகர்த்தலை என்னிடமே கேட்கிறது. இதற்கு ஆட்டத்துக்கு ஏழு நிமிடம். ஆக ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் கால் மணி.

ஏழாம் ஆட்டத்தில் எஞ்சின் ஒப்புக்கொண்டது என் குறியை அன்று. சரிவு ஐந்தாவது நகர்த்தலிலேயே நடந்துவிட்டது: குதிரையால் திருப்பி வெட்டிய அந்த இடத்தில். அங்கே ஆட வேண்டியது சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தொடுவது.

மூன்றாவது வாசிப்பு கடிகாரத்துடையது. இந்த முறையின் சிறந்த பகுதி இதுதான். இணைய ஆட்டத்தின் பதிவில் ஒவ்வொரு நகர்த்தலோடும் அப்போது மிஞ்சியிருந்த நேரம் பொறிக்கப்பட்டிருக்கும். தாளில் கையால் எழுதிய பழைய ஆட்டக் குறிப்புகளில் இது அரிது. அந்த எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, கூடுதல் இரண்டு வினாடியைச் சேர்த்தால், எந்த நகர்த்தலுக்கு எத்தனை வினாடி செலவானது என்று கிடைக்கும். தளமே அதைப் பட்டை வரைபடமாகவும் காட்டுகிறது. நான் இரண்டு இடங்களில் அளவு வைத்திருக்கிறேன். 15-ஆவது நகர்த்தல் முடிந்ததும் 2:10 மிஞ்ச வேண்டும். அதாவது அதுவரை 80 வினாடி செலவு. 30-ஆவது முடிந்ததும் ஒரு நிமிடம் மிஞ்ச வேண்டும்; நடு ஆட்டத்தின் பதினைந்து நகர்த்தலுக்கு 100 வினாடி. தொடக்கத்தில் ஏறக்குறைய ஐந்தேகால் வினாடி வீதம், நடுவில் ஏறக்குறைய ஆறேமுக்கால் வீதம். கடைசிப் பத்துக்கு அந்த ஒரு நிமிடமும் கூடுதல் இருபது வினாடியும் இருக்கின்றன. கூட்டினால் 260 சரியாக வருகிறது.

ஏழாம் ஆட்டத்தில் கடிகாரம் காட்டியது இது: ஐந்தாவது நகர்த்தலுக்கு இரண்டு வினாடி, எட்டாவதற்கு நாற்பத்தொன்று. வெட்டியதைத் திருப்பி வெட்டு என்று கை தானாக ஓடிய இடத்தில் ஆட்டம் போனது. மூன்று நகர்த்தல் கழித்து, வலி தெரிந்தபோது, நான் உட்கார்ந்து யோசித்தேன். பென்சில் எட்டில் விழுந்ததற்கும் அதுவே காரணம். அதிக நேரம் எடுத்த இடத்தைத்தான் மனம் பிழை நடந்த இடமாக நினைவு வைத்துக்கொள்கிறது. எஞ்சினை மட்டும் பார்த்திருந்தால் சரியான நகர்த்தல் தெரிந்திருக்கும். இந்தப் பழக்கம் தெரிந்திருக்காது. பென்சில், எஞ்சின், கடிகாரம் மூன்றையும் ஒரே ஆட்டத்தின்மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் பழுதின் முழு வடிவம் தெரிகிறது.

ஆறாம் நாள் தரம்பிரிப்பு. ஆட்டத்துக்கு ஓர் அட்டை. முன்பக்கம் பிழை நடந்த நிலையைக் கட்டம் போட்டு வரைகிறேன். பின்பக்கம் சரியான நகர்த்தலும், ஏன் என்று ஒரே வாக்கியமும். ஓர் ஆட்டத்தில் ஐந்து பிழை இருந்தாலும், முடிவைத் திருப்பிய முதல் பிழைக்கு மட்டுமே அட்டை. பிறகு அட்டைகளை ஐந்து குவியலாக அடுக்குகிறேன்: காவலில்லாத காயைப் பறிகொடுத்தது, ஒன்றிரண்டு நகர்த்தலில் முடியும் தாக்குதலைக் காணாமல் விட்டது, தொடக்கத்தில் வழி தவறியது, இறுதி ஆட்டம் தெரியாதது, நேரம் போதாதது. அந்தச் சுற்றில் பதின்மூன்று அட்டைகள் ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று விழுந்தன. ஏழாம் ஆட்டம் மூன்றாவது குவியலில் சேர்ந்தது. குவியலின் உயரமே அடுத்த பதினைந்து நாளின் பாடத்திட்டம். தொடக்கப் புத்தகம் ஒன்று வாங்கலாமா என்று மனம் ஆசைப்படும். ஐந்து அட்டைகள் காவலில்லாத காயைச் சுட்டும்போது புத்தகத்துக்கு இடமில்லை.

ஏழாம் நாள் முதல் புதிர்ப் பயிற்சி. மொத்தம் 120 புதிர்கள். லீசெஸின் புதிர்கள் அங்கே ஆடப்பட்ட உண்மையான ஆட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. கருப்பொருள்வாரியாகப் பிரித்தும் கிடைக்கின்றன. குவியல்களைப் பார்த்து காவலில்லாத காய் 60, இரட்டைத் தாக்குதல் 20, பிணைப்பு 20, கடைசி வரிசை மேட் 20 எடுத்தேன். கடினம் வேண்டாம். என் புதிர் ரேட்டிங்குக்கு 300 குறைவாகத் தரும் எளிய நிலையைத் தேர்ந்தேன், ஏனெனில் வேக ஆட்டத்தில் தோற்கடிப்பவை எளியவையே. ஒவ்வொரு புதிருக்கும் ஐந்தெழுத்துக் குறியீடு உண்டு. பக்கத்துக்கு முப்பதாக நான்கு பக்கங்களில் எழுதிக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் அதே புதிரைத் திறக்கலாம்.

முதல் எட்டு நாள், நாளைக்கு 15 புதிர், ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வரை. விடையை முழுவதும் மனதில் ஆடி முடித்த பிறகே மவுஸைத் தொட வேண்டும். அடுத்த நான்கு நாள் அதே 120, நாளைக்கு 30, ஒன்றுக்கு ஒரு நிமிடம். அதற்கடுத்த இரண்டு நாள், நாளைக்கு 60, ஒன்றுக்கு அரை நிமிடம். கடைசி நாள் 120-உம் ஒரே அமர்வில், ஒன்றுக்குப் பதினைந்து வினாடி. எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று: பதினைந்து நாள். எந்த நாளைப் பெருக்கிப் பார்த்தாலும் முப்பது நிமிடம்தான். நாள் சுருங்கச் சுருங்க எண்ணிக்கை பெருகினாலும், மேசையில் உட்காரும் நேரம் மாறுவதில்லை. தவறவிட்ட புதிருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி; நான்காவது முறையில் புள்ளி விழுந்தவை அட்டையாகின்றன.

ஒரே தொகுப்பை நேரத்தைப் பாதியாக்கித் திரும்பத் திரும்பத் தீர்க்கும் யோசனை எனதன்று. சுவீடனின் ஆக்ஸல் ஸ்மித்தும் ஹான்ஸ் டிக்கானனும் 2018-இல் எழுதிய புத்தகத்தின் வழியே மரங்கொத்தி முறை என்ற பெயரில் பரவலாக அறியப்பட்டது. டிக்கானன் 2010-இல் இப்படிப் பயின்றே கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான தகுதிகளை எட்டினார். அவர்கள் தொகுப்பு மிகப் பெரியது, முதல் சுற்றே நான்கு வாரம். நான் அளவைத்தான் சுருக்கியிருக்கிறேன். திரும்பச் செய்வதில் என்ன சேருகிறது என்பதற்கு 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செய்த ஆய்வு விளக்கம் தருகிறது. நிஜ ஆட்டத்தின் நிலையை ஐந்து வினாடி காட்டினால் தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப வைத்துவிடுகிறார். காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்தால் அந்த அனுகூலம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அவர் பார்ப்பது தனித்தனிக் காய்களை அல்ல, பழகிய கூட்டங்களை. ஆறரை வினாடியில் வேலைக்கு உதவுவது அந்தக் கூட்டம்தான்.

புதிருக்குப் பிறகு நாளைக்கு இருபது நிமிடம் பழுது பார்ப்பு. ஒரு நாள் தொடக்கம், மறுநாள் இறுதி ஆட்டம்.

தொடக்கத்தில் ஏழாம் ஆட்டத்தின் அட்டையை எடுத்தேன். ஐந்தாவதாகக் குதிரை ஏ5. வெள்ளை பிஷப்பை பி5-க்கு எடுத்துச் செக் வைக்கும். கருப்பு சி6 என்று சிப்பாயால் அடைக்கும், வெள்ளை வெட்டும், பி சிப்பாய் திருப்பி வெட்டும்போதே பிஷப் மறுபடி தாக்கப்படும். பிஷப் இ2-க்குப் பின்வாங்கினால் எச்6 என்று சிப்பாயைத் தள்ளிக் குதிரையைத் துரத்தலாம். அது எஃப்3-க்குத் திரும்பினால் இ4 என்று இன்னொரு சிப்பாய் அதையும் துரத்தும். கருப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஆனால் வெள்ளை அடுத்தடுத்துக் காயை இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கருப்பின் காய்கள் வெளியே வந்துவிடும். மனப்பாடம் ஒன்பது நகர்த்தலோடு போதும். அங்கிருந்து எஞ்சினைக் குறைந்த பலத்தில் வைத்து அதே நிலையை ஐந்து முறை ஆடுகிறேன். ஒரு சிப்பாய் குறைந்த நிலையில் கை பதறாமல் இருக்கப் பழகுவதே அந்த ஐந்து ஆட்டத்தின் பயன். சிக்கலே வேண்டாம் என்பவர் மூன்றாவதாகக் குதிரைக்குப் பதில் பிஷப்பை சி5-க்கு வைத்தால் ஜி5 பாய்ச்சலுக்கு வழியே இராது. அதுவும் கௌரவமான ஆட்டம்.

இறுதி ஆட்டத்தில் மூன்று நிலைகள் மட்டும். ராணியும் ராஜாவும் தனி ராஜாவை மேட் செய்வது. சரியாக ஆடினால் எந்த நிலையிலிருந்தும் பத்து நகர்த்தலுக்குள் முடியும். யானையும் ராஜாவும், இதற்குப் பதினாறு. மூன்றாவது, வெள்ளை ராஜா இ6-இல், சிப்பாய் இ5-இல், கருப்பு ராஜா இ8-இல். யார் நகர்த்தும் முறையானாலும் வெள்ளை ஜெயிக்கும். யானை மேட்டில்தான் 3+2 என்ற நேரத்தேர்வின் அருமை தெரிகிறது. நகர்த்தலுக்கு இரண்டு வினாடி கூடுவதால், ஒவ்வொன்றையும் இரண்டு வினாடிக்குள் ஆடப் பழகிவிட்டால் கடிகாரம் கீழே இறங்காது. நான்கு வினாடி மிஞ்சியிருந்தாலும் மேட் கைக்கு வரும். ஆகவே டைமரை ஒரு நிமிடத்துக்கு வைத்து, முப்பது நகர்த்தலுக்குள் முடிக்கிறேனா என்று பார்க்கிறேன். தொடர்ந்து ஐந்து முறை முடிந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிடலாம்.

வாரத்துக்கு இரண்டு மெதுவான ஆட்டம், 15+10. காவலில்லாத காய்க் குவியலுக்கு மருந்து இதில் இருக்கிறது. எதிராளி நகர்த்தியதும் மனதுக்குள் மூன்று சொல்: செக், வெட்டு, மிரட்டல். அவருடைய செக் எது, எதை வெட்டலாம், எதை மிரட்டுகிறார். முதல் வாரம் இதற்கு எட்டுப் பத்து வினாடி ஆகும். பழகப் பழகச் சுருங்கும். இதை மூன்று நிமிட ஆட்டத்திலேயே கற்க முயன்றால் கடிகாரம்தான் தோற்கடிக்கும். பதினைந்து நிமிட ஆட்டத்தில் ஊறிய பிறகு அது வேக ஆட்டத்துக்குத் தானாக இறங்குகிறது.

இருபத்திரண்டாம் நாள் அடுத்த தொகுப்பு தொடங்குகிறது. அதே 3+2, அதே ஆறு ஆட்டம், அதே நோட்டு. அளப்பது ரேட்டிங்கை அன்று. சமபலமுள்ளவரோடு 24 ஆட்டம் ஆடினால் பன்னிரண்டு புள்ளி கிடைக்க வேண்டும். ஆனால் தற்செயலே இரண்டரைப் புள்ளி வரை மேலும் கீழும் சாதாரணமாகத் தள்ளிவிடும். ஒன்பதரைக்கும் பதினான்கரைக்கும் இடையே எது வந்தாலும் முன்னேற்றம் என்றோ சரிவு என்றோ சொல்ல முடியாது. லீசெஸ் பயன்படுத்தும் கிளிக்கோ-2 கணக்கை அமைத்த மார்க் கிளிக்மன் இதை உணர்ந்தே ஒவ்வொரு ரேட்டிங்கோடும் ஐயத்தின் அளவையும் சேர்த்து வைத்தார். போதிய ஆட்டம் ஆடாத கணக்கின் எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி நிற்பது அதனால்தான். நான் எண்ணுவது குவியல்களை. காவலில்லாத காய்க் குவியல் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கினால் பதினைந்து நாள் வேலை பிடித்திருக்கிறது. இறங்கவில்லையானால் அடுத்த சுற்றிலும் அதே கருப்பொருளில் புதிய 60.

பழைய அட்டைகளையும் விடுவதில்லை. ஞாயிறு காலையில் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்து, பத்து வினாடிக்குள் விடை வந்தால் மூலையில் ஒரு கோடு. தவறினால் பழைய கோடுகளை அழித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து. தொடர்ந்து மூன்று கோடு விழுந்த அட்டை பெட்டியின் பின்பக்கத்துக்குப் போகிறது. ஏழாம் ஆட்டத்தின் அட்டை இரண்டாம் கோட்டில் ஒரு முறை தவறியது. மறுபடி குதிரையால் வெட்டவே கை போனது. அதன் பின் தொடர்ந்து மூன்று ஞாயிறு, குதிரை ஏ5. பின்பக்கத்துக்கு மாற்றி, முன்னால் காலியான இடத்தில் 31-ஆம் ஆட்டத்தின் அட்டையை வைத்தேன்: வெள்ளை, 34-ஆவது நகர்த்தல், யானை காவலில்லாமல் பி7-இல்.